தண்ணீர்மலையும் இறுதி அலசலும்

பினாங்குத் தமிழரிடையே ‘தண்ணீர்மலை’ என்றவுடன் நினைவுக்கு வருவது பாலதண்டாயுதபாணி திருக்கோயிலும் தைப்பூசத் திருவிழாவுமே ஆகும். காவடிகள் வரும் சாலையின் இருமருங்கிலும் அமைக்கப்பெறும் தண்ணீர்ப் பந்தல்களும் உடன் நினைவுக்கு வரும். ஆயினும், அம்மலைக்கு அப்பெயர் வந்த காரணத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஜோர்ஜ் டவுன் நகரம் குடித்தும் குளித்தும் துவைத்தும் வாழ்ந்த நீர் அம்மலைப் பகுதியின் அருவியிலிருந்தே முதன்முதலில் இறங்கி வந்தது. கோயிலின் தொடக்க வழிபாட்டிடமும் அருவியின் அருகிலேதான் இருந்தது. நகருக்கான நீர்ப்பணிகளின் பொருட்டு அவ்விடம் தேவைப்பட்டமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழிபாடு இப்போதுள்ள குன்றிற்கு மாறியது. 2012-ஆம் ஆண்டில் குன்றின்மீது புதிய பெருங்கோயில் எழுந்தது. தெய்வமே நீருக்கு இடம்விட்டு நகர்ந்த ஊர் இது.

அந்த நீரின் வரலாற்றில் ஒரு சிறு கிளை உண்டு. அது, ஒரு பொருளைக் கழுவி முடிக்கும் வேளையில் இறுதியாக ஊற்றப்படும் நீரைப் பற்றியது. இன்று கார் கழுவும் தொழிலில் கரைபொருள் நீக்கிய தூய நீரால் இறுதி அலசல் செய்யும் முறை உலகெங்கும் பரவியுள்ளது. புதுமை போலத் தோன்றும் இம்முறையின் அடிக்கருத்து பழமையானது. அதன் வரலாற்றைப் பினாங்குத் தீவில் தொடர்ந்து பார்த்தால், இயற்கை விலையின்றி வழங்கியதை மனிதர் எந்திரங்கொண்டு செய்யும் நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பது விளங்கும்.

புள்ளியின் பிறப்பு

நன்கு கழுவிய கார் ஒன்றை வெயிலில் உலர விட்டால், கரிய நிறக் கதவுகளிலும் கண்ணாடியிலும் வெண்புள்ளிகள் தோன்றுவதைக் காணலாம். அவை கழுவுவோரின் கவனக்குறைவால் வந்தவை அல்ல, நீரிலிருந்து வந்தவை. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் சுண்ணச் சத்து, மக்னீசியம், சோடியம், மணற்சத்தாகிய சிலிக்கா முதலியன கரைந்துள்ளன. நீர்த்துளி காற்றில் ஆவியாகும்போது நீர் மட்டுமே மேலே செல்கிறது. கரைந்திருந்தவை அனைத்தும் துளி இருந்த இடத்திலேயே படிந்துவிடுகின்றன.

ஒரு லிட்டர் நீரில் 100 மில்லிகிராம் கரைபொருள் இருப்பதாகக் கொள்வோம். கழுவிய பின் காரின் மேனியில் கால் லிட்டர் நீர் தங்குமாயின், 25 மில்லிகிராம் பொருள் அதன்மீது படியும். அளவு சிறிது; ஆனால் பளபளக்கும் பரப்பில் அதுவே கண்ணை உறுத்தும். வெயிலில் பலமுறை காய்ந்து இறுகிய சுண்ணப்படிவு எளிதில் துடைபடாது. புளிக்காடி போன்ற அமிலப் பொருளால் அதனைக் கரைக்க வேண்டியிருக்கும். மணற்சத்துப் படிவோ அதற்கும் இளகாது.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர் மனங்கொள்ளுதல் வேண்டும். கலங்கல் என்பது வேறு. கரைசல் என்பது வேறு. தமிழர் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கிய நீரைத் தெளிவித்தனர். சேறும் தூசும் அதனால் அடியில் தங்கும். ஆனால் கரைந்த உப்பு தேற்றாங்கொட்டைக்கு அடங்காது. மணல் வடிகட்டிக்கும் அடங்காது. மேலும், கரைபொருள் உள்ள நீர் குடிப்பதற்குத் தீயது என்பதும் பொருளன்று. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் குறைவான கரைபொருள் உள்ள நீர் பொதுவாக நற்சுவையுடையது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குடிப்பதற்கு நல்ல நீரே இறுதி அலசலுக்குப் பொருந்தாததாகலாம். தூய்மை என்னும் சொல் பயனுக்கு ஏற்பப் பொருள் மாறுவது இவ்விடத்தில் தெளிவாகிறது.

கருங்கல் மலை தந்த மென்னீர்

பிரான்சிஸ் லைட் 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பாகப் பினாங்கில் கொடியேற்றினார். கடலோரத்துச் சமநிலத்தில் நகரம் எழுந்தது. கடலை ஒட்டிய நிலத்தில் தோண்டிய கிணறுகளில் உவர்ப்பு ஏறுவது இயல்பு. அதனால் மலையருவியின் நீர் நகருக்கும், நீண்ட பயணத்தின் இடையே வந்து தங்கிய கப்பல்களுக்கும் அரும்பொருளாயிற்று.

அந்நீரின் சிறப்புக்குக் காரணம் மலையின் கல்லிலேயே உள்ளது. பினாங்குத் தீவின் மலைகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. சுண்ணாம்புக் கல் மலைகளில் இறங்கும் மழைநீர் வழியெல்லாம் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு வன்னீராகும். கருங்கல்லோ எளிதில் கரையாது. ஆகவே, அதன்மீது விழுந்து விரைந்திறங்கும் மழைநீர் ஏறத்தாழ மழைநீராகவே வந்து சேரும். அத்தகைய மென்னீரில் சவர்க்காரம் நன்கு நுரைக்கும். பருப்பு விரைவில் வேகும். கொதிகலத்தின் உட்புறத்தில் ஓடு படிவதும் குறைவு. தமிழகத்தின் வறண்ட கடற்கரை ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு, ‘நல்ல தண்ணீர்’, ‘உப்புத் தண்ணீர்’ என்ற பிரிவு அன்றாட வாழ்க்கையின் பாடம். அவர்கள் இந்நீரின் அருமையை அறிய நூலறிவு தேவைப்பட்டிராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே அருவி நீரை நகருக்குக் கொண்டுவரும் கால்வாய் அமைந்தது. அக்காலத்தில் பினாங்கு ஒரு தண்டனைத் தீவாகவும் விளங்கிற்று. அந்தமானில் இருந்த குடியேற்றம் 1796-ஆம் ஆண்டு கைவிடப்பட்டபோது, அங்கிருந்த இந்தியக் கைதிகள் பினாங்கிற்குக் கொண்டுவரப்பட்டனர். 1873-ஆம் ஆண்டு வரை நீடித்த அந்த ஏற்பாட்டில், தீவின் சாலைகளும் பிற பொதுப்பணிகளும் பெரிதும் அவர்களுடைய உழைப்பையே சார்ந்திருந்தன. பின்னர் திறந்த கால்வாயின் இடத்தை இரும்புக் குழாய்கள் பெற்றன. 1929-ஆம் ஆண்டில் கில்லமார்ட் நீர்த்தேக்கமும், 1962-ஆம் ஆண்டில் ஆயர் ஈத்தாம் அணையும் எழுந்தன.

குழாய் எட்டாத இடங்களுக்கு மாட்டுவண்டிகளே நீரைச் சுமந்தன. பர்மா சாலையைப் பினாங்குச் சீனர் ஹொக்கியன் மொழியில் ‘சியா சூய் லோ’ என்று வழங்குவர். நீர்வண்டிச் சாலை என்பது அதன் பொருள். சூலியா தெருவிற்கு அவர்கள் இட்ட ‘கூ கான் தாங்’ என்னும் பெயர் மாட்டுக் கொட்டகையைக் குறிப்பது. மாடு வளர்ப்பதிலும் வண்டியோட்டுவதிலும் இந்தியர் ஈடுபட்டிருந்த காலத்தின் சுவடு அது. நீர் சுமந்த மாடுகளும் வண்டிகளும் மறைந்தன. ஓட்டியவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. தெருப்பெயர் மட்டும் எஞ்சியது.

துறையின் கல்வி

ஆயர் ஈத்தாம் என்னும் மலாய்ப் பெயருக்குக் ‘கருநீர்’ என்று பொருள். ஆயினும் அந்த ஆற்றின் கரையில்தான் நகரத்தின் வெள்ளாடைகள் வெளுக்கப்பட்டன. தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடியிருந்த அவ்விடம் ‘டோபி காட்’ எனப் பெயர் பெற்றது. அங்குள்ள இராமர் கோயில் அச்சமுதாயத்தின் நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது.

சலவைத் தொழில் என்பது நீரை அறியும் தொழில். தமிழர் அதனை நெடுங்காலம் பயின்றவர். களர் நிலத்தில் தோண்டிய கிணற்றில் ஒரு சலவைப் பெண் நாள்தோறும் துவைத்த வெண்மையான ஆடையைப் புறநானூற்றின் 311-ஆம் பாட்டு குறிப்பிடுகிறது. துவைப்பதற்குக் களர்நிலக் கிணறு ஏன் என்ற ஐயம் எழலாம். களரிலும் உவர்மண்ணிலும் உள்ள சோடா உப்பு நீரின் சுண்ணச் சத்தைப் பிரித்துப் படியச் செய்து, அந்நீரை மென்மையாக்கும். அழுக்கின் பிசுக்கையும் இளக்கும். உவர்மண் இட்டு வெள்ளாவி வைக்கும் முறையின் உட்பொருள் இதுவே. வேதியியல் என்னும் பெயர் தோன்றுமுன்பே அத்தொழிலாளரின் கைகள் அப்பாடத்தைக் கற்றிருந்தன.

எனினும் அழுக்கை நீக்கிய அதே உவர் ஆடையில் தங்கிவிடலாகாது. தங்கினால் துணி பழுக்கும், இழை நையும். ஆகவே ஓடும் நீரில், அழுக்கு நீர் வந்து கலவாத இடத்தில், ஆடையை இறுதியாக அலசி எடுத்தல் இன்றியமையாதது. முதல் நீரின் கடமை அழுக்கை எடுப்பது. இறுதி நீரின் கடமையோ, முதல் நீர் விட்டுச்சென்றதை எடுப்பதும் தான் எதனையும் விட்டுச்செல்லாமையும் ஆகும். இவ்விரண்டு கடமைகளுக்கும் ஒரே தரமான நீர் வேண்டுவதில்லை. இன்று கார் கழுவும் நிலையங்கள் பின்பற்றும் முறைக்கு அடிப்படை இந்தத் துறையின் கல்வியே.

உப்பைப் பிரித்த அறிஞர்கள்

நீரிலிருந்து கரைபொருளைப் பிரிக்க முற்காலத்தார் அறிந்த வழி வாலை வடித்தல். நீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்துப் பெறும் வாலைநீரில் உப்பு இராது. ஆனால் எரிபொருட் செலவு மிகுதி. மருந்துச் சாலைகளும் ஆய்வுக்கூடங்களும் அதனைப் பயன்படுத்தின. மோட்டார் பட்டறைகளோ காரின் பேட்டரிக்கு மட்டும் அதனை ஊற்றின. கார் தன் வயிற்றுக்குள் தூய நீரைக் குடித்துக்கொண்டிருந்த அந்நாளில், அதன் மேனிக்குக் குழாய் நீரே போதுமென்று கருதப்பட்டது.

இரண்டாவது வழி அயனிப் பரிமாற்றம். 1850-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் தாம்சன், வே என்னும் இருவர், மண்ணின் ஊடே செல்லும் கரைசலில் சில உப்புகள் இடம் மாறுவதைக் கண்டறிந்தனர். 1935-ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த டெடிங்டனில் ஆடம்ஸ், ஹோம்ஸ் ஆகியோர் செயற்கைப் பிசின்களால் அவ்வேலையைச் செய்ய முடியும் என்று காட்டினர். ஒருவகைப் பிசின் மணிகள் சுண்ணம், மக்னீசியம், சோடியம் முதலியவற்றைப் பிடித்துக்கொள்ளும்; மற்றொரு வகை குளோரைடு, சல்பேட்டு முதலியவற்றைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் கடந்து வரும் நீர் அயனி நீக்கிய நீர் எனப்படும்.

நீரை மென்மையாக்கும் கருவியை இதனோடு குழப்பிக்கொள்ளுதல் கூடாது. அது சுண்ணத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. சவர்க்காரம் நுரைக்க அது உதவும். ஆனால் கரைபொருளின் மொத்த அளவு பெரிதும் குறைவதில்லை. புள்ளி அப்போதும் விழும். துடைத்தால் போகக்கூடிய புள்ளியாக விழும் என்பதே வேறுபாடு.

மூன்றாவது வழியில் தமிழர் கவனிக்கத்தக்க ஒரு பெயர் உண்டு. இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன், அமெரிக்க அறிஞர் சிட்னி லோபுடன் சேர்ந்து, 1960-ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் புதுவகைச் சவ்வு ஒன்றை உருவாக்கினார். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருப்பெயரைத் தாங்கிய அவர், பின்னர் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றினார். இயல்பாக நீர், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்குச் சவ்வினூடே செல்லும். மிகுந்த அழுத்தம் கொடுத்தால் அந்நீர் எதிர்த்திசையில் செல்லும். உப்பின் பெரும்பகுதி பின்தங்கும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். அவர்கள் அமைத்த சவ்வின் மேற்பரப்பில் மட்டுமே மெல்லிய அடர்படலம் இருந்தது. அடிப்பகுதி நுண்துளைகளுடன் தளர்ந்திருந்தது. அதனால் போதிய வேகத்தில் நீர் கிடைத்தது. 1965-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் கோலிங்கா நகரில் உவர்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இம்முறையில் இயங்கத் தொடங்கியது.

பாயான் லெப்பாஸும் தூய நீரும்

இவ்வறிவு பினாங்கில் பெருந்தொழிலாக வேரூன்றியது 1972-ஆம் ஆண்டிற்குப் பின்னர். அவ்வாண்டில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட் முதலிய மின்னணு நிறுவனங்கள் அங்கு வந்தன. மலாய், சீன, தமிழ் இளம்பெண்கள் பலர் அத்தொழிற்சாலைகளில் வேலைக்கமர்ந்தனர்.

சிலிக்கான் தகட்டைச் சிறு சில்லுகளாக அறுக்கும்போது வெப்பமும் தூளும் உண்டாகும். அவற்றைக் களைய அயனி நீக்கிய நீர் பாய்ச்சப்படுகிறது. அங்கே ஒரு துளி காய்ந்து விடும் புள்ளி அழகைக் கெடுப்பதோடு நில்லாது; மின்னோட்டத்தையே கெடுத்துவிடும். மின்னணுத் தொழிலின் மிகத் தூய நீர் மின்சாரத்தைக் கடத்த ஏறத்தாழ மறுத்துவிடுகிறது. 25 பாகை செல்சியசில் அதன் மின்தடைத்திறன் ஏறத்தாழ 18 மெகோம்-சென்டிமீட்டர் என்னும் அளவில் அளக்கப்படும். சலவைத் துறையின் இறுதி அலசலும் சில்லுத் தொழிற்சாலையின் இறுதி அலசலும் ஒரே கருத்தின் இரு வளர்ச்சிகள்.

1985-ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகாவும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. படகுக்காகக் காத்திராமல் கார்கள் தீவிற்கு வந்து சேர வழி பிறந்தது. கார் பெருகக் கார் கழுவும் தொழிலும் பெருகுதல் இயல்பே.

கார் கழுவும் நிலையத்தில் தூய நீரைக் கையாளும் முறை எளியது. முதலில் குழாய் நீரால் மண்ணை நீக்கி, சவர்க்கார நுரையால் தேய்த்து, மீண்டும் குழாய் நீரால் நுரையைக் களைவர். கடைசியாக மட்டும், சவ்வினாலோ பிசினாலோ கரைபொருள் நீக்கிய நீரை மேலிருந்து கீழாக ஊற்றி, பழைய நீர் முழுவதையும் வெளியேற்றுவர். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கும் குறைந்த கரைபொருள் உள்ள நீரையே இதற்கு விரும்புவர். பின்னர்த் துணிகொண்டு துடைக்க வேண்டுவதில்லை. அதனால் துணியில் ஒட்டிய மணல் வண்ணப்பூச்சைக் கீறும் தீங்கும் ஒழிகிறது.

மலையின் கடன்

இயற்கையாகவே மென்னீர் பெற்ற தீவிற்கு இத்தனை கருவிகள் எதற்கு என்று வினவலாம். விடை நகரின் வளர்ச்சியில் உள்ளது. இன்று பினாங்கு மாநிலத்தின் நீர்த்தேவையில் பெரும்பங்கை நிறைவு செய்வது கெடாவில் தோன்றிவரும் மூடா ஆறு. வயல்களையும் ஊர்களையும் கடந்து வரும் ஆற்றுநீரைத் தெளிவித்து, குளோரின் சேர்த்து, புளிப்பைச் சமன்செய்தே குழாயில் விட இயலும். புளிப்பைச் சமன்செய்யச் சுண்ணாம்பு சேர்ப்பது நீர்ப்பணியில் வழக்கம். குடிப்போரின் நலத்திற்காகச் செய்யப்படும் அச்செயல்களே கரைபொருளைக் கூட்டுகின்றன. குடிநீராக அது நன்னீர். காரின் மேனியில் அது புள்ளி.

தூய நீருக்கு விலையும் உண்டு. சிறிய சவ்வுக் கருவிகள், தூய நீராக மாற்றும் அளவுக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ நீரை உப்புச்செறிவுடன் ஒதுக்கிவிடுகின்றன. பிசின்களைப் புதுப்பிக்க அமிலமும் காரமும் வேண்டும். ஒதுக்கிய நீரைச் சாக்கடையில் விடும் நிலையம், புள்ளியைத் தவிர்க்கும் பெயரால் ஆற்றை வீணாக்குகிறது. அதனையே தொட்டியில் சேர்த்து, அடுத்த காரின் முதல் கழுவலுக்குப் பயன்படுத்தும் நிலையமோ நீரின் தரமறிந்து செலவிடுகிறது. முதல் நீர் தூயதாக இருக்க வேண்டியதில்லை என்ற துறையின் கல்வி இங்கே நேரடியாகப் பயன்தருகிறது.

இது வெறும் சிக்கன அறிவுரையன்று. 2010-ஆம் ஆண்டுகளில் பினாங்கில் ஒருவர் வீட்டுப் பயனுக்குச் செலவிட்ட நீர் நாளொன்றுக்கு 270 லிட்டருக்கு மேற்பட்டது. மலேசிய மாநிலங்களில் அது மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் சுங்கை டுவா நீர்த்தூய்மிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றும் பணியின் பொருட்டு, மாநிலத்தின் பெரும்பகுதியில் சில நாட்கள் நீர் தடைப்பட்டது. குடம் ஏந்தி மக்கள் நின்ற அந்நாட்களில், ஓர் ஆற்றையும் ஒரு நிலையத்தையும் பெரிதும் நம்பியிருக்கும் வாழ்க்கையின் மென்மை புலனாயிற்று.

இந்நிலையில் தீவின் சொந்த மலைகள் முன்னினும் மதிப்புப் பெறுகின்றன. காடு அழிந்து மண் சரியுமானால், கருங்கல் மலையின் நீரும் கலங்கும். பினாங்கு மலையும் அதனைச் சூழ்ந்த காடுகளும் 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டன. அந்த ஏற்பு ஒரு பட்டயமாக மட்டும் நின்றுவிடாமல், நீர்ப்பிடிப்புக் காடுகளின் காவலாக அமைதல் வேண்டும்.

கால்வாய் வெட்டிய கைதியும், நீர்வண்டி ஓட்டியவரும், துறையில் ஆடை அலசியவரும் இந்நகரைத் தூய்மையாக வைத்திருந்தனர். தம் பெயரை அவர்கள் எங்கும் பொறித்துச் செல்லவில்லை. ஆயினும் தண்ணீர்மலை, நீர்வண்டிச் சாலை, சலவைத் துறை என்னும் பெயர்களில் அவர்களுடைய உழைப்பு தங்கியுள்ளது. வகுப்பறையில் ஊர்ப்பெயர் ஆய்வைக் கற்பிக்கும் ஆசிரியர், அப்பெயர்களை மாணவர்க்கு விளக்கும்போது, மலையிலிருந்து இறங்கும் நீரின் வழியையும் சேர்த்துக் காட்டுவாராக. எந்தச் செயலுக்கு எந்த நீர் என்று அறிந்து செலவிடும் அறிவு, அம்முன்னோர் விட்டுச்சென்ற செல்வம். அதனைக் கைவிடாமல் அடுத்த தலைமுறைக்கு அளிப்பது இன்று வாழ்வோரின் கடமையாகும்.